ஒரே இடத்தில் நின்றுபோகும் கல்யாணம்

மேடையில் வேணுகோபால் மைக்கைப் பிடித்தார். "அப்பா இல்லாத பொண்ணு திரிஷா. பெரியப்பா நான் இருக்கேன். என் தம்பி மகளுக்குப் பத்துப் பவுன்ல ஆரம்!" என்று முழங்கினார். ஆரம் மணப்பெண்ணின் கழுத்தில் ஏறியது. மண்டபம் கைதட்டியது. காட்சி மாறி மணமகள் அறையின் கதவு திரையில் வந்தது. வந்ததும் படம் நின்றுவிட்டது. சுட்டி இருந்த இடத்தில் ஒரு நீல வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"இதான் மேடம்," என்றான் சத்யராஜ். "எத்தினி வாட்டி போட்டாலும் இங்க வந்து ஹேங் ஆயிடுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். சாஃப்ட்வேரை அழிச்சுட்டுத் திருப்பி ஏத்தினேன். ஃபிரெண்டோட ரேமை வாங்கிப் போட்டுப் பாத்தேன். எதுக்கும் மசிய மாட்டேங்குது."

துப்பறியும் நிபுணர் ஜெயப்ரியா எதையும் தொடாமல் உட்காருவதற்கு அந்த அறையில் ஓர் இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். செவிலிமேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டின் முன்னறை அது. விசைப்பலகையின் இடுக்கெல்லாம் மிக்சர் துகள். மேஜையோரம் டீ கிளாஸ். அதன் அடியில் காய்ந்த பால், அதன்மேல் எறும்பு. கணினிப் பெட்டியின் காற்றுத் துளைகளில் தூசி திரண்டு, நனைந்து காய்ந்த பூனைபோல் ஒட்டியிருந்தது. மேலே பல்லி எச்சம் வேறு.

"மேடம், கொலை ஏதாவது நடந்திருந்தா கூட இந்த ரூமை விடச் சுத்தமா இருக்கும்," என்றான் உதவியாளன் பாலாஜி, கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி.

"வாயை மூடு. மூக்கையும்," என்ற ஜெயப்ரியா, துப்பட்டா நுனியால் நாற்காலியைத் துடைத்துவிட்டு அந்த நுனியை வெறுப்போடு பார்த்தாள். "சத்யராஜ், முதல்லேர்ந்து சொல்லுப்பா."

சத்யராஜ் கல்யாண வீடியோ எடுப்பவன். வீட்டிலேயே எடிட்டும் செய்வான். தாமலைச் சேர்ந்த தேவகியின் மகள் திரிஷாவுக்குப் போன வாரம் கல்யாணம். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் ஆரத்தைக் காணோம் என்று வேணுகோபால் குண்டைத் தூக்கிப் போட்டார். மணமகள் அறைக்குள் போய்வந்த வெளியாள் சத்யராஜ் ஒருவன்தான். 'அந்த ரூம்ல எடுத்த படத்தைப் போட்டுக் காட்டுடா' என்றார்கள். அந்த வீடியோத் துண்டு மட்டும் ஓடவில்லை.

"நானே அழிச்சுட்டேன்னு சொல்றாங்க மேடம். வேணுகோபால் கேமராவைப் புடுங்கிக்கினு போயிட்டாரு. சாயங்காலம் தேவகியம்மாவை இட்டுனு இங்க வராரு. படம் ஓடலன்னா நேரா ஸ்டேஷன். 'காலனிப் பசங்களை ரூமுக்குள்ள விட்டா இப்படித்தான்'னு அத்தினி பேரு முன்னால சொல்லிட்டாரு மேடம். இனிமே எனக்கு யாரு கல்யாணத்தைக் குடுப்பாங்க?"

ஜெயப்ரியாவின் முகம் சுருங்கியது. இந்த முறை அதற்குக் காரணம் டீ கிளாஸ் அல்ல.

"அந்தத் துண்டுல என்ன இருக்குது?"

"எனக்கே தெரியாது மேடம். வீடியோக்காரனுக்குக் கடைசிப் பந்திதானே? பசி தாங்கல. கேமராவை ஸ்டாண்டோட அந்த ரூம்ல விட்டுட்டு, ஸ்டாப் பண்ண மறந்து சாப்பிட ஓடிட்டேன். திரும்பி வந்தா ஓடிக்கினே இருக்குது. அன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் வெளிய மாட்டற ஹார்ட் டிஸ்க்ல ஏத்திட்டு, மறுநாள் வேற கல்யாணத்துக்காக மெமரி கார்டை அழிச்சுட்டேன்."

"அதாவது நீ சாப்பிட்ட நேரம் முழுக்க அந்த ரூம் பதிவாயிருக்குது."

"ஆமா மேடம். அதுல யாராவது தெரிவாங்க. அதை நம்பித்தான் உசிரோட இருக்கேன்."

பாலாஜி திரையை எட்டிப் பார்த்தான். "மேடம், பொட்டி பழசு. தூசி வேற. சூடேறி நிக்குது. இதுக்கு எதுக்குத் துப்பறியணும்? ஒரு பிரஷ் போதும்."

"சூடுன்னா எங்க வேணா நிக்கும் பாலாஜி," என்றாள் ஜெயப்ரியா. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கக் கிடைத்தால் போதும், அவள் அருவருப்பைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவாள். "உங்க தெருவுல தறி இருக்குதில்ல? இழை கண்ட இடத்துல அறுந்தா எதைப் பாப்பாங்க?"

"தறியை."

"ஒரே இழை, ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அறுந்தா?"

"நூலை. அந்த இடத்துல நூல் கோளாறு."

"அவ்வளவுதான் விஷயம். ஹேங் ஆகற கணினியை மூணு கேள்வி கேக்கணும். ஆன் பண்ணிக் கொஞ்ச நேரம் ஆனதும் நிக்குதா? அப்ப சூடு. எஃபெக்ட், டைட்டில்னு பாரம் ஏத்தினா நிக்குதா? அப்ப ரேம் பத்தல. குறிப்பிட்ட ஒரு இடம் வந்தா மட்டும் நிக்குதா? அப்ப பொட்டி மேல தப்பு இல்ல. அந்த இடத்துல இருக்கற துண்டு மேல தப்பு. சத்யராஜ், இந்தத் துண்டைக் கொண்டுபோய்க் கல்யாணத்துக்கு முன்னால, ஆரம்பத்துல வை."

சத்யராஜ் கணினியை மறுபடி எழுப்பி, அந்தத் துண்டை இழுத்து முதலிடத்தில் விட்டு, ஓடவிட்டான். மணமகள் அறையின் கதவு. நீல வட்டம். மறுபடியும் உறைந்துவிட்டது.

"ஆரம்பத்துலயே ஹேங்!" என்றான் பாலாஜி. "தாலி கட்டறதுக்கு முன்னாலயே நின்னுபோன கல்யாணம் இதுதான் மேடம்."

"ஆக, துண்டுதான் கோளாறு. ஹார்ட் டிஸ்க்கைத் திற. படமாக் காட்டாதே, வரிசையா எழுத்துல காட்டு."

சத்யராஜ் கோப்புகளை வரிசையாக விரித்தான். ஜெயப்ரியா தன் பேனாவின் பின்பக்கத்தால் திரையைத் தொடாமல் சுட்டிக்காட்டினாள். மற்ற துண்டுகள் எல்லாம் ஜிபி கணக்கில் இருந்தன. சாப்பாட்டு நேரம் முழுக்க ஓடிய அந்தத் துண்டு, கல்யாணத்திலேயே நீளமானது, ஒரு எம்பி கூட இல்லை.

"பட்டுப் புடவைன்னு சொல்லிக் கைக்குட்டையைக் கட்டிக் குடுத்திருக்காங்க," என்றான் பாலாஜி.

"ஆனா மேடம், சாஃப்ட்வேர்ல அந்த ரூம் கதவு தெரியுதே?" என்றான் சத்யராஜ்.

"முதல் நாள் நீ இழுத்துப் போட்டப்ப அதோட முகத்தை மட்டும் சாஃப்ட்வேர் ஞாபகம் வெச்சிக்கிச்சு. படத்தை அது தனக்குள்ள வாங்கி வெச்சிக்காது. எந்த இடத்துல, எந்தப் பேர்ல இருக்குதுன்னு விலாசம் மட்டும் வெச்சிருக்கும். ஒவ்வொரு வாட்டியும் அந்த விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டும். அங்க அதே பேர்ல வேற யாரோ உக்காந்திருந்தா? புரியாம முழிச்சிக்கினு நிக்கும். அந்த முழிப்புதான் இந்த நீல வட்டம்."

"வேற யாரோன்னா?"

"கேட்டுப் பாத்துடுவோம். ஒவ்வொரு கோப்பும் தலையில தன்னோட சாதியை எழுதி வெச்சிருக்கும். பேரை மாத்தலாம், தலையெழுத்து மாறாது. உங்கிட்ட ரொம்பச் சின்ன வீடியோ ஏதாவது இருக்குதா? அதை நோட்பேட்ல திற."

இரண்டு நொடிச் சோதனை வீடியோ ஒன்றைச் சத்யராஜ் நோட்பேடில் திறந்தான். கொக்கியும் கோடுமாக ஒரு குப்பைக் காடு விரிந்தது. ஆனால் முதல் வரியில் 'எஃப் டி ஒய் பி' என்று நான்கு எழுத்துகள் தெளிவாக நின்றன.

"அது வீடியோவோட முத்திரை. இப்ப நம்ம ஆளைத் திற."

அடுத்த குப்பைக் காடு விரிந்தது. அதன் முதல் வரியில் 'ஜே எஃப் ஐ எஃப்' என்று இருந்தது.

"இது வீடியோவே இல்ல," என்றாள் ஜெயப்ரியா. "போட்டோ. யாரோ ஒரு போட்டோவுக்கு உன் வீடியோவோட பேரை வெச்சு, அதே இடத்துல உக்கார வெச்சிருக்காங்க. பேரோட கடைசிப் பகுதியை மாத்தி, போட்டோன்னே பேர் வெச்சுத் திற."

சத்யராஜ் பெயரை மாற்றி இருமுறை அழுத்தினான்.

திரை முழுக்க ரோஜாப்பூ விரிந்தது. அதன் நடுவே பொங்கி வழியும் காபிக் கோப்பை. இரண்டு புறாக்கள். அவற்றுக்கு மேல், முகப்பவுடர் அப்பிய கன்னமும் மை பூசிய மீசையுமாக, கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார் வேணுகோபால். கீழே தங்க எழுத்தில் 'இனிய காலை வணக்கம்! என்றும் உங்கள் பணியில், தாமல் வேணுகோபால்.'

பாலாஜி கைக்குட்டையை மூக்கிலிருந்து வாய்க்கு இறக்கினான்.

"உவ்வே," என்றான். "மேடம், சாஃப்ட்வேர் ஹேங் ஆனதுல தப்பே இல்ல. எனக்கே ஒரு மாதிரி வருது."

"சத்யராஜ், ஹார்ட் டிஸ்க் உன் கையை விட்டு எப்பப் போச்சு?"

அவன் முகம் வெளுத்தது. "கல்யாணத்துக்கு மறுநாள் மேடம். ஆரம் போடற சீனை ஸ்டேட்டஸ் வைக்கணும்னு வேணுகோபாலே வந்து வாங்கிக்கினு போனாரு. சாயங்காலம் குடுத்துட்டாரு. அதுக்கப்புறம்தான் ஆரத்தைக் காணோம்னு…"

வெளியே கார் கதவு அடித்துச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

வேணுகோபாலுக்கு முன்னால் அவருடைய செண்டு உள்ளே வந்தது. பழைய வியர்வையின் மேல் மல்லிகைச் சாற்றை ஊற்றியதுபோன்ற வாசனை. வாய் நிறையப் பாக்கு. வாசற்படியில் நின்று சுவரோரம் துப்பினார். கையைத் திரைச்சீலையில் துடைத்துக்கொண்டார். பின்னால் தேவகி நின்றாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், அழுது வீங்கிய கண்கள்.

"இன்னாடா, படம் ஓடுதா? இல்ல வண்டியில ஏறுறியா?" என்ற வேணுகோபால், ஜெயப்ரியாவைப் பார்த்து, "இது யாரும்மா?" என்றார்.

"பாடி எடுக்க வந்தவங்க," என்றான் பாலாஜி. "வீடியோவோட பாடி."

ஜெயப்ரியா திரையைத் திருப்பிக் காட்டினாள். "காணாமப் போன படத்தோட இடத்துல இது இருந்துச்சு. ஹார்ட் டிஸ்க் உங்க வீட்டுல ஒரு பகல் இருந்துச்சு."

ரோஜாப்பூவுக்கு நடுவே தன்னையே பார்த்த வேணுகோபாலின் பாக்கு மெல்லும் வாய் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி அசைந்தது.

"இதான் உன் துப்பாம்மா? இந்தப் படம் தினம் காலைல ஜில்லாவுல பாதிப் பேரு போனுக்குப் போவுது. இவன் போன்ல இருக்காதா? திருடின பையன் மாட்டிக்கக்கூடாதுன்னு என் படத்தையே எடுத்து வெச்சிருக்கான். தேவகி, பாத்தியா புத்தியை?"

தேவகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாலாஜி தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு ஜெயப்ரியாவின் காதருகே குனிந்தான். "மேடம், சொல்றதுக்கே கேவலமா இருக்குது. எனக்கும் வந்திருக்குது. பிளாக் பண்ணா வேற நம்பர்லேர்ந்து வந்துக்கினு இருக்குது."

ஜெயப்ரியா உதட்டைக் கடித்தாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. போட்டோ யாருடையது என்பது தெரியும்; வைத்தது யார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. அசல் படம் போய்விட்டது. மெமரி கார்டும் அழிந்துவிட்டது.

"அஞ்சு நிமிஷம் தரேன்," என்ற வேணுகோபால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேஜைமேல் இருந்த மிக்சர் பொட்டலத்தில் கைவிட்டார்.

அப்போது திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பட்டை எட்டிப் பார்த்தது. கணினிப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் சி டிரைவில் இடமில்லை என்றது.

"இது வேறயா?" என்றான் பாலாஜி. "கேன்சருக்கு வைத்தியம் பாக்க வந்தா சொத்தைப் பல்லையும் சேத்துக் காட்டுது."

சத்யராஜ் பட்டையை மூடப் போனான். ஜெயப்ரியா அவன் கையைத் தட்டிவிட்டாள். எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டுவிட்டோம் என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"சி டிரைவ்ல என்ன வெச்சிருக்கே?"

"ஒண்ணும் இல்ல மேடம். படம் எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல. அதுல சாஃப்ட்வேர் மட்டும்தான்."

"எப்பேர்ந்து ரொம்பியிருக்குது?"

"அந்தக் கல்யாணத்தை ஏத்தினதுலேர்ந்துதான்."

"ஒண்ணும் வைக்காத பானை எப்படிப்பா ரொம்பும்? முதல் நாள் ராத்திரி படத்தை எல்லாம் இழுத்துப் போட்டப்ப சாஃப்ட்வேர் ஏதாவது கேட்டுச்சா?"

"என்னமோ கேட்டுச்சு மேடம். அது தினம் ஏதாவது கேக்கும். எஸ் அடிச்சுட்டுப் படுத்துட்டேன். காலைல பாத்தா பொட்டி கொதிச்சுக்கினு இருந்துச்சு, ஃபேன் கத்திக்கினு இருந்துச்சு."

ஜெயப்ரியாவின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது.

"ராத்திரி பூரா உன் பொட்டி சும்மா இல்லப்பா. பெரிய வீடியோ பழைய கணினியில திக்கித் திக்கித்தான் ஓடும். அதனால சாஃப்ட்வேர், 'ஒவ்வொரு துண்டுக்கும் சின்னதா ஒரு பிரதி எடுத்துக்கட்டுமா'ன்னு கேக்கும். ப்ராக்ஸின்னு பேரு. எடிட் பண்றப்ப சின்னதை ஓட்டி, கடைசியா வெளிய எடுக்கறப்ப மட்டும் பெரிசை எடுத்துக்கும். நீ எஸ் சொல்லிட்டே. அது ராத்திரியெல்லாம் உக்காந்து பிரதி எடுத்து சி டிரைவ்ல அடுக்கிட்டுது. ஆனா அந்தப் பிரதிகளைப் பயன்படுத்துன்னு நீ சொல்லவே இல்ல. அதனால இன்னும் பெரிசையே தேடிக்கினு போய் முட்டிக்கினு நிக்குது."

"அப்போ…"

"மறுநாள் போனது ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். பொட்டி இங்கயேதான் இருந்துச்சு."

மிக்சர் மெல்லும் சத்தம் நின்றது.

வேணுகோபால் எழுந்தார். "வேலை வெட்டி இல்லாம… தேவகி, வாம்மா போலாம். ஸ்டேஷன்ல பாத்துக்கலாம்."

"அஞ்சு நிமிஷம் நீங்க குடுத்ததுதானே மாமா?" என்றாள் தேவகி. அவள் அசையவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு பாலாஜி செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தான். அது சரியாகவே ஆகவில்லை.

ஜெயப்ரியா சி டிரைவில், மென்பொருள் தனக்கென்று வைத்திருந்த கோப்புறையைத் திறந்தாள். கல்யாணத்தின் எல்லாத் துண்டுகளும் குட்டிக் குட்டியாக அங்கே இருந்தன. நீளமான அந்த ஒன்றை அழுத்தினாள்.

படம் மங்கல், ஆனால் முகங்கள் தெரிந்தன. சத்தம் துல்லியமாக இருந்தது. மணமகள் அறை. தேவகி தாம்பூலத் தட்டோடு வெளியே போகிறாள். ஆளில்லாத அறை. பிறகு வேணுகோபால் உள்ளே வருகிறார். காதில் போன். அலமாரியைத் திறந்து, திரிஷா ஆரத்தைக் கழற்றி வைத்திருந்த நகைப்பெட்டியை எடுக்கிறார்.

"…கவரிங்னு தெரிஞ்சா மானம் போயிடும்பா," என்றது திரையில் இருந்த குரல். "மாப்ள வீட்டுக்காரன் உரசிப் பாக்காம விடுவானா? மேடையில போட்டாச்சு, கைதட்டியாச்சு, வீடியோ எடுத்தாச்சு, அதுக்கு மேல எதுக்கு? எடுத்துட்டேன். யாரு கேக்கப் போறா? அந்த வீடியோக்காரப் பையன் உள்ள வந்து போயிக்கினு இருக்கான். அவன் மேல போட்டுடலாம்."

ஆரம் வேட்டி மடிப்பில் போனது. அவர் பெட்டியை மூடினார். திரும்பும்போது மணப்பெண்ணுக்கு வைத்திருந்த பூக்கூடையில் பாக்குச் சாற்றைத் துப்பிவிட்டு வெளியே போனார்.

"அய்ய," என்றான் பாலாஜி. அவனுக்கே வேறு ஜோக் வரவில்லை.

தேவகி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் பொண்ணை அந்த வீட்டுல தினம் கேக்கறாங்க மாமா," என்றாள் மெல்ல. "ஆரம் எங்க, ஆரம் எங்கன்னு. அவ சோறு திங்காம அழுதுக்கினு இருக்கா. நீங்க போட்டது பித்தளையா?"

"தேவகி, வெளிய பேசிக்கலாம். குடும்பத்து விஷயம்…"

"அத்தினி பேரு முன்னால மைக்குல சொன்னீங்க. இந்தத் தம்பியைத் திருடன்னும் அத்தினி பேரு முன்னாலதான் சொன்னீங்க. இப்ப வெளிய எதுக்கு?" அவள் கையை நீட்டினாள். "கார் சாவியைக் குடுங்க. தம்பியோட கேமரா உள்ள இருக்குது."

வேணுகோபால் சுற்றிலும் பார்த்தார். பாக்குச் சாறு வாயோரத்தில் வழிந்து வெள்ளைச் சட்டையில் சொட்டியது. சாவியை மேஜைமேல் வைத்தார். ஜெயப்ரியா அதை ஒரு காகிதத்தால் பிடித்து எடுத்துப் பாலாஜியிடம் கொடுத்தாள். அவன் போய்க் கேமராவைக் கொண்டுவந்து சத்யராஜின் மடியில் வைத்தான். சத்யராஜ் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான்.

"இந்தப் பிரதியை எனக்கு ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடு தம்பி," என்றாள் தேவகி. "முதல்ல என் பொண்ணு வீட்டுல காட்டணும். அப்புறம் ஸ்டேஷனுக்கு நானே போறேன். நீ எங்கூட வந்து நடந்ததைச் சொல்லணும்."

"வரேம்மா."

வேணுகோபால் கார் சாவியைக் கேட்கவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார். செண்டு வாசனை மட்டும் போக மறுத்தது. பாலாஜி ஜன்னலைத் திறந்துவைத்தான்.

சத்யராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணினியின் பக்கம் திரும்பினான். "கல்யாண வீடியோவை முடிச்சுக் குடுக்கணுமே மேடம். ஸ்டேஷன்லயும் முழுசாக் கேப்பாங்க. இன்னும் அங்கயே ஹேங் ஆவுமே? இன்னா பண்றது?"

"சொல்றேன், செய்," என்றாள் ஜெயப்ரியா. "அந்தப் போட்டோவை அழிச்சுடாதே, அதுவும் சாட்சி, வேற கோப்புறையில தனியா வை. இந்தச் சின்னப் பிரதியை ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி பண்ணிக்கோ; மத்தப் பிரதிகளை அழிச்சு சி டிரைவ்ல இடம் பண்ணு. கெட்டுப்போன துண்டை, துண்டுகளை வரிசையா அடுக்கற டைம்லைன்லேர்ந்து எடுத்துட்டு, அதே இடத்துல இந்தச் சின்னப் பிரதியை வை. எடிட்டை வேற பேர்ல சேமி. கணினியை ஒரு வாட்டி அணைச்சுப் போடு."

சத்யராஜ் தேவகிக்குப் பென் டிரைவில் பிரதியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாகச் செய்தான். காப்பி ஆகும்வரை தேவகி ஜன்னலோரம் நின்றாள். கணினி அணைந்து எழுந்தது. அவன் மேடைக் காட்சியில் சுட்டியை வைத்து ஓடவிட்டான். ஆரம், கைதட்டல், கூட்டம். மணமகள் அறையின் கதவு வந்தது. படம் நிற்காமல் உள்ளே போனது. பெயர் சரியாக இருந்தும் உள்ளே வேறு பொருள் இருந்த துண்டை எடுத்துவிட்டு, நல்ல பிரதியை அந்த இடத்தில் வைத்ததும் மென்பொருள் உறையவில்லை.